மைக்கா கப்போர்டுக்கு நீங்களே பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு அடிங்க

1.
"பழைய கிச்சனை ரெண்டே நாள்ல புதுசாக்குங்க, செலவு ரெண்டாயிரம் ரூபாய்தான்!"

இந்த மாதிரி வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. மைக்கா ஒட்டின கப்போர்டு கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாங்க, பெயிண்ட் அடிக்கிறாங்க, பின்னாடி பாட்டு ஓடுது, கிச்சன் பளபளன்னு ஆயிடுது. மொத்தம் நாற்பது செகண்ட். அந்த நாற்பது செகண்டில் காட்டாத விஷயங்களைப் பற்றித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2.
பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி. ஞாயிற்றுக்கிழமை டூட்டி. மூணு வயசுப் பையனைத் தோளில் போட்டுக்கிட்டு ஒரு அப்பத்தா ஓடி வந்தாங்க. பின்னாடியே அப்பா, கையெல்லாம் வெள்ளை பெயிண்ட்.

"தண்ணின்னு நெனச்சுக் குடிச்சுப்புட்டான்யா. உப்புத்தண்ணி கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வச்சுட்டேன். எல்லாம் வெளிய வந்துருச்சு. ஆனா மூச்சு வாங்குதுய்யா."

(அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

3.
பையன் குடித்தது டர்பன்டைன். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலில் ஊற்றி, கிச்சன் தரையில் வைத்திருந்தார்கள். அப்பா வீடியோ பார்த்து கப்போர்டுக்கு எனாமல் அடித்துக்கொண்டிருந்தார். பார்த்தால் தண்ணி மாதிரியே இருக்கும். மூணு வயசுக் குழந்தைக்கு அது தண்ணி பாட்டில்தான். வேற என்னவா இருக்க முடியும்?

குடித்தது ஒரே ஒரு வாய். ஆனால் நெஞ்சு உள்ளே இழுக்குது, மூச்சு வேகமா போகுது, ஆக்சிஜன் அளவு குறையுது.

4.
இங்கே ஒரு விஷயத்தை எல்லாரும் மனசுல ஏத்திக்கணும்.

டர்பன்டைன், தின்னர், மண்ணெண்ணெய் எல்லாம் வயிற்றில் இருக்கிற வரைக்கும் பெரிய ஆபத்து இல்லாமல் போகலாம். நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. அது லேசா ஓடிப் பரவக்கூடிய திரவம். ஒரு சின்ன புரையேறல் போதும், நுரையீரலின் நுண்ணறைகள் வரைக்கும் பரவிவிடும். அங்கே இருக்கிற மெல்லிய பூச்சைக் கரைத்து, ரசாயன நிமோனியாவை உண்டாக்கும்.

அதனால் வாந்தி எடுக்க வைப்பது என்பது, அதை இரண்டாவது தடவை தொண்டை வழியாக, நுரையீரல் வாசல் வழியாக வரவைப்பது. அப்பத்தா பாசத்தில்தான் செய்தார்கள். ஆனால் அந்த உப்புத்தண்ணிதான் நிலைமையை மோசமாக்கியது.

5.
ஆகவே, குழந்தை டர்பன்டைன், தின்னர், மண்ணெண்ணெய் குடித்துவிட்டால்:

- வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி, தொண்டையில் விரல், எதுவும் வேண்டாம்.
- பால், எண்ணெய், முட்டை வெள்ளைக்கரு கொடுக்காதீங்க.
- நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.
- அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கிட்டு வாங்க.
- 108க்கு போன் பண்ணுங்க, அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே வாங்க.
- "இப்ப நல்லாத்தானே இருக்கான்"னு வீட்டில் வச்சுக்காதீங்க. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும். குறைந்தது ஆறு மணி நேரமாவது எங்க கண் முன்னாடி இருக்கணும்.

6.
அந்தப் பையனுக்கு ஆக்சிஜன் வைத்து, 108ல் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். சில நாள் படுத்திருந்து பிழைத்து வந்தான். பொங்கல் அவனுக்கு ஆஸ்பத்திரியில்.

போகும்போது அவன் அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வீடியோவுல இதெல்லாம் சொல்லவே இல்லையே சார்?"

அந்தக் கேள்விதான் இந்த த்ரெட்டுக்குக் காரணம்.

7.
முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நானும் இதைச் செய்தவன்தான்.

காளையார்கோவிலில் நான் இருக்கிற வாடகை வீட்டு கிச்சனில் பழுப்பு கலர் மைக்கா. மனைவிக்குப் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி, கொசு வருதுன்னு ஜன்னலை எல்லாம் சாத்திட்டு, காய்ந்த உப்புத்தாளால் தேய்த்து, எனாமல் அடித்தேன். மறுநாள் பூரா தலைவலி, குமட்டல். "வைரல் ஃபீவர் வரப்போகுது போல"ன்னு எனக்கு நானே டயக்னோசிஸ் போட்டுக்கிட்டேன். எம்பிபிஎஸ் படிச்ச மூளை!

மூணாவது வாரம் கைப்பிடி ஓரத்தில் பெயிண்ட் தோல் உரிவது மாதிரி உரிந்து வந்தது.

8.
ஏன் உரிந்தது? இதைத் தெரிந்துகொண்டால் மற்றதும் புரியும்.

மைக்கா என்று நாம் சொல்கிற லேமினேட்டில் மைக்கா என்கிற கனிமம் கிடையாது. ரெசினில் ஊறவைத்த காகிதங்களை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்த தகடு அது. அடியில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசின், மேலே மெலமைன் ரெசின். 1912-13 வாக்கில் அமெரிக்காவில், மின்சாரச் சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படுத்தத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். "மைக்காவுக்குப் பதில்" என்ற அர்த்தத்தில் ஃபார்மைக்கா என்று பெயர் வைத்தார்கள். நம்ம ஊரில் அது சன்மைக்கா ஆகி, வெறும் மைக்கா ஆகிவிட்டது.

9.
கறை, எண்ணெய், தண்ணி எதுவும் உள்ளே இறங்கக் கூடாது என்பதற்காகவே செய்த பொருள் அது. பெயிண்டும் இறங்காது! மரம் பெயிண்டைக் குடிக்கும், மைக்கா குடிக்காது. அதனால்தான் நல்லா தேய்க்கணும், ஒட்டுகிற பிரைமர் அடிக்கணும், மெல்லிசா ரெண்டு மூணு கோட் அடிக்கணும், நாள் கணக்கில் காய விடணும்.

இங்கேதான் ஆரோக்கியப் பிரச்சினை நுழைகிறது. தேய்த்தால் தூசி. நல்லா ஒட்டணும் என்று வாங்குகிற பெயிண்டில் கெமிக்கல். ரெண்டும் வீட்டிலேயே சின்ன அறையான கிச்சனுக்குள்.

10.
தூசியைப் பார்ப்போம். மைக்காவை அழுத்தித் தேய்த்தால் ரெசின் தூள் பறக்கும். வேகத்தில் ஓரங்களில் மைக்கா தேய்ந்து, உள்ளே இருக்கிற எம்டிஎஃப் அல்லது பார்ட்டிகிள் போர்டு தூளும் வரும். அது ஃபார்மால்டிஹைடு ரெசினில் ஒட்டிய மரத்தூள். கண் எரியும், மூக்கு எரியும், ஆஸ்துமா இருப்பவருக்கு வீசிங் வரும்.

தீர்வு சுலபம், செலவும் இல்லை: வாட்டர் பேப்பரை வாங்கி, பாத்திரம் கழுவுகிற சோப்பு நாலு சொட்டு விட்ட தண்ணியில் நனைத்து, மேலாகத் தேய்ங்க. தூசியே பறக்காது. பளபளப்பு போனால் போதும், பள்ளம் விழவேண்டாம். ஈரத்துணியால் துடைங்க, விளக்குமாறு போடாதீங்க.

இதை வீடியோவில் ஏன் காட்டுவதில்லை? மெஷின் போட்டுத் தூசி பறந்தால்தான் பார்க்க நல்லா இருக்கு!

11.
"சரி டாக்டர், மைக்கா முடிஞ்சது. அதே கையோட அப்பத்தா காலத்து மர அலமாரியையும் தேய்ச்சு அடிச்சிடுறேன்."

நில்லுங்க. இதுதான் ரொம்பப் பெரிய ஆபத்து.

மைக்காவில் காரீயம் பற்றிய பயம் இல்லை. ஆனால் நம்ம பக்கத்து வீடுகளில் இருக்கிற பழைய தேக்குக் கதவு, ஜன்னல், அலமாரி, தொட்டில் எல்லாவற்றிலும் பல தலைமுறை எனாமல் அடுக்கடுக்காக இருக்கு. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் வாங்கி வந்து "ரீஸ்டோர்" பண்ணுகிற கதவுகளும் அப்படித்தான். பழைய எண்ணெய் பெயிண்டுகளில், குறிப்பா மஞ்சள், சிவப்பு, பச்சையில், காரீயம் அதிகமா இருக்க வாய்ப்பு உண்டு.

12.
காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு நல்ல வெள்ளீயத்தில் செய்வது. அதில் குழப்பிக்காதீங்க. நான் சொல்வது காரீயம், பேட்டரியில் இருப்பது.

குழந்தையின் உடம்பில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாய் வழியாகப் போனால், பெரியவர்களை விட 4 முதல் 5 மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தைகள் உறிஞ்சிக்கொள்வார்கள். மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம், நடத்தை எல்லாம் பாதிக்கும். காய்ச்சல் வராது, வாந்தி வராது. "பய மக்கு சார், படிப்பு ஏறல"ன்னுதான் தெரியும். எலும்பில் போய் வருஷக் கணக்கில் உட்கார்ந்துக்கும். பெண்ணாக இருந்தால், பின்னாளில் கர்ப்பக் காலத்தில் அந்த எலும்பிலிருந்து வெளியே வந்து சிசுவுக்கும் போகும்.

13.
"அரசாங்கம் தடை பண்ணலையா?" பண்ணியிருக்கு. வீட்டு பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016ல் மத்திய அரசு விதி போட்டது. 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. நல்ல விதி.

ஆனால் தேதிகளைப் பாருங்க. உள் பூச்சில் வெள்ளைக் காரீயம் வேண்டாம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை போட்ட வருஷம் 1921. அமெரிக்கா வீட்டு பெயிண்டில் தடை செய்தது 1978. நமக்கு 2017. இடைப்பட்ட காலத்தில் அடித்த அத்தனை கோட்டும் இன்னமும் நம்ம கதவில்தான் இருக்கு. சட்டம் புது டப்பாவுக்குத்தான். பழைய கதவுக்குச் சட்டம் கிடையாது. அதை நீங்கதான் பார்த்துக்கணும்.

ஆகவே பழைய பெயிண்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீங்க, மெஷின் போடாதீங்க, தீ காட்டி உரிக்காதீங்க. உரியாமல் நல்லா இருந்தால் அதன் மேலேயே புது கோட் அடிங்க. தேய்த்தே ஆகணும்னா நனைத்துத் தேய்ங்க, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

14.
"ரிமூவர் போட்டு உரிச்சா தூசியே வராதே?"

சில ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். உடம்புக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் மூடின குளியலறைக்குள் தொட்டி பெயிண்டை உரித்த தொழிலாளர்கள் அங்கேயே விழுந்து செத்திருக்கிறார்கள். 2019ல் வீட்டு உபயோக ரிமூவர்களில் அதைத் தடை செய்துவிட்டார்கள். லேபிளைப் படிங்க. அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீங்க.

15.
அடுத்தது புகை, அதாவது கெமிக்கல் ஆவி.

எனாமல், என்சி லாக்கர், தின்னர் இதிலிருந்து வருகிற ஆவியில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கம். எனக்கு வந்த "வைரல் ஃபீவர்" அதுதான். சில தின்னர்களில் மெத்தனாலும் கலந்திருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே மெத்தனால். அது வயிற்றுக்குள் போனால் முதலில் கண்ணைப் பறிக்கும்.

16.
அதோடு இன்னொன்று. இந்த ஆவி காற்றை விட கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். கிச்சனில் என்ன இருக்கு? கேஸ் அடுப்பு இருக்கு. ஃபிரிட்ஜ் சுவிட்ச் இருக்கு. நிறைய வீடுகளில் அதே கிச்சன் அலமாரியில் சாமி படமும் விளக்கும் இருக்கு.

சாயந்திரம் ஆறு மணி ஆனால் விளக்கேத்துவீங்க. தின்னர் வாடை இருக்கிற அறையில் தீக்குச்சி உரசுவது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. தீக்காய வார்டில் ஒரு நாள் வேலை பார்த்தவன் யாரும் அந்த வாடையை மறக்க மாட்டான்.

17.
"மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் சார் அடிச்சேன்."

எந்த மாஸ்க்? கொரோனாவுக்கு வாங்கின நீல மாஸ்க் தூசியையே சரியா தடுக்காது. என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வாடை உங்க மூக்குக்கு வருதுன்னா கெமிக்கல் உள்ளே வருதுன்னு அர்த்தம். ஆவிக்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் மாஸ்க் வேணும். கைக்குட்டையும் துண்டும் மாஸ்க்கே இல்லை.

18.
"எங்க தாத்தா காலத்துல பெயிண்ட் அடிக்கலையா, எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். பதில் சொல்றேன்.

தாத்தா காலத்துச் செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். தரையில் ஆத்தங்குடிக் கல். வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம். காற்று உள்ளே வந்து மேலே போயிடும். உங்க கிச்சன் எட்டுக்குப் பத்து, ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. ரெண்டும் ஒண்ணா?

தவிர, "எல்லாரும் நல்லா இருந்தாங்க" என்பது யாரைக் கேட்டுச் சொல்றீங்க? வீட்டுக்காரரைக் கேட்டா? பெயிண்டரைக் கேட்டா?

19.
இப்போ பெயிண்டருக்கு வருவோம். கோபமா எழுதப்போறேன், மன்னிச்சுக்கோங்க.

நாற்பது சொச்சம் வயசு. அஞ்சு வருஷமா இருமல், வீசிங். "டஸ்ட் அலர்ஜி"ன்னு ஊர் ஊரா மாத்திரை. டிபி டெஸ்ட் ரெண்டு தடவை, இல்லைன்னு வந்திருச்சு. நான் கேட்டேன்: "எந்தக் கிழமை அதிகமா இருக்குண்ணே?" யோசிச்சுட்டுச் சொன்னார்: "லீவு நாள்ல நல்லா இருக்கு சார். ஊர்த் திருவிழாவுக்கு பத்து நாள் வேலைக்குப் போகல, இருமலே இல்ல."

"என்ன வேலை?" "கிச்சன் கப்போர்டுக்கு பியூ ஸ்ப்ரே அடிக்கிறது."

20.
பியூ பெயிண்டில் ரெண்டு டப்பா வரும், ஒண்ணு பெயிண்ட், ஒண்ணு ஹார்டனர். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். தொழில்வழி ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்கப் பேர்போன காரணம் அது. ஒருமுறை உடம்பு அதை எதிரியா பதிவு பண்ணிட்டா, அப்புறம் துளி பட்டாலும் மூச்சு அடைக்கும்.

அஞ்சு வருஷம். எத்தனை டாக்டரைப் பார்த்திருப்பார்! யாரும் "என்ன வேலை பார்க்கிறீங்க"ன்னு கேட்கலை. இத்தாலியில் ராமாஸினி என்ற மருத்துவர், நோயாளியிடம் தொழிலையும் கேள் என்று 1700லேயே எழுதிவிட்டார். முன்னூறு வருஷம் ஆச்சு. ஓபியில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது நானும் பல நாள் கேட்காமல் விட்டிருக்கேன். இந்தக் குற்றத்தில் எங்க கூட்டத்துக்கும் பங்கு உண்டு.

21.
பெயிண்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989லேயே வகைப்படுத்திவிட்டது. நுரையீரல், சிறுநீர்ப்பை ரெண்டுக்கும்.

ஆனால் நாம என்ன செய்றோம்? "வாடை தாங்கல, நாங்க மாமியார் வீட்டுக்குப் போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வர்றோம், நீங்க அடிச்சு முடிச்சுடுங்க"ன்னு சாவியைக் கொடுத்துட்டுப் போறோம். நமக்குத் தாங்காத வாடை அவருக்கு மட்டும் தாங்குமா? பல லட்சம் ரூபா மாடுலர் கிச்சனில் பெயிண்டருக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் மாஸ்க்குக்குப் பணம் இல்லையா?

22.
சரி, என் வழக்கு என்ன? பெயிண்டே அடிக்காதீங்கன்னு நான் சொல்லலை. நல்லா இருக்கிற கப்போர்டை உடைச்சுக் குப்பையில் போட்டுட்டு லட்சக்கணக்கில் கடன் வாங்கறதை விட, இருக்கிறதுக்குப் பெயிண்ட் அடிக்கிறது நூறு மடங்கு மேல். சொந்தக் கையால் செய்றதில் ஒரு சந்தோஷமும் இருக்கு. செய்ங்க. இப்படிச் செய்ங்க:

- கதவுகளைக் கழற்றி மொட்டை மாடியிலோ வாசலிலோ நிழலில் வைத்து அடிங்க.
- சோப்புத் தண்ணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. அப்புறம் வாட்டர் பேப்பர்.
- மைக்காவில் ஒட்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிற, தண்ணியில் கலக்குகிற பிரைமரும் பெயிண்டும் வாங்குங்க. தின்னரே தேவைப்படாது.
- வீட்டுக்குள் பியூ ஸ்ப்ரே நீங்களா அடிக்காதீங்க. வேணும்னா பட்டறைக்குக் கொண்டு போங்க, அடிக்கிறவருக்குச் சரியான மாஸ்க் இருக்கான்னு கேளுங்க.
- சட்டத்தை அடிக்கிற அன்னைக்கு கேஸ் மூடணும், விளக்கு ஏத்தக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கணும்.
- கையைத் தின்னரால் கழுவாதீங்க. தேங்காய் எண்ணெய் தேய்ச்சுச் சோப்புப் போடுங்க.
- குழந்தைகளும் கர்ப்பிணியும் வாடை போகிற வரை அந்தப் பக்கம் வேண்டாம்.

23.
கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரை லிட்டர் டர்பன்டைன், அரை லிட்டர் தின்னர்னு லூசில் கேட்கிறவங்களுக்குக் குடிதண்ணி பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் ஊத்திக் கொடுக்காதீங்க. அந்தப் பழக்கம் ஒண்ணு நின்னாலே, நான் சொன்ன பையன் மாதிரி பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வர்றது பெருமளவு குறையும். சீல் போட்ட டப்பாவில் கொடுங்க. வாங்கறவங்களும் பாட்டிலில் வாங்காதீங்க.

வீடியோ போடுறவங்களுக்கு: உங்களுக்கு லட்சம் வியூஸ் வருது. அதில் பத்து செகண்ட், "தின்னரை பாட்டிலில் வைக்காதீங்க, ஜன்னலைத் திறங்க"ன்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?

24.
பெயிண்டர் அண்ணன்களுக்கு: வேலை நாளில் அதிகமாகி லீவு நாளில் குறையுற இருமல் இருந்தா, டாக்டரிடம் உங்க தொழிலை நீங்களே சொல்லுங்க. அவர் கேட்கலைன்னாலும் சொல்லுங்க. வேலைக்கு உடுத்தின சட்டையோட குழந்தையைத் தூக்காதீங்க. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிஞ்சிருக்கீங்களான்னு பாருங்க. இல்லைன்னா பதிஞ்சிடுங்க.

அந்த அண்ணன் இப்போ ஸ்ப்ரே வேலையை விட்டுட்டு, பிரஷ்ஷில் வாட்டர் பெயிண்ட் மட்டும் அடிக்கிறார். கூலி குறைஞ்சிருச்சு. இன்ஹேலர் குறைஞ்சிருக்கு. எது லாபம்னு கணக்குப் போட அவருக்குத் தெரியும். ஆனா அந்தக் கணக்கை அவர் தலையில் மட்டும் கட்டினது நம்ம தப்பு.

25.
நான் வெறும் எம்பிபிஎஸ். நுரையீரல் நிபுணரும் இல்லை, பெயிண்ட் நிபுணரும் இல்லை. ஆனால் நாற்பது செகண்ட் வீடியோவின் மிச்சப் பாகம் எங்க கேஷுவாலிட்டிக்குத்தான் வருது. அதைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதறேன்.

இதைப் படிச்சதும் எழுந்து போய் உங்க வீட்டுப் பரண், மாடிப்படி அடி, பாத்ரூம் மூலை எல்லாம் பாருங்க. தண்ணி பாட்டிலில் டர்பன்டைனோ தின்னரோ மண்ணெண்ணெயோ ஆசிடோ இருந்தால் இன்னைக்கே அப்புறப்படுத்துங்க. பெயிண்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்.


ஓர் அரசு மருத்துவர்,
காளையார்கோவில்.